வெள்ளெழுத்தும் ஒரு மெரூன் பொட்டும்

1996 நவம்பர். ஹூஸ்டனிலிருந்து காரில் மூன்று மணி நேரம் போனால் வரும் ஒரு மான் வேட்டைக் காடு. உமக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான்.

அப்போது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகனுக்கு சான் ஹோசேயில் வேலை. ஞாயிறுதோறும் போன் பண்ணி, சாப்பிட்டீர்களா என்று இங்கிலீஷில் கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். அதோடு சரி. சனிக்கிழமைகளில் ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் ஒரு கட்டு கொத்தமல்லிக்காக ஒரு மணி நேரம் சுற்றுவேன். யாராவது தமிழில் இரண்டு வார்த்தை பேச மாட்டார்களா என்றுதான், வேறென்ன?

அதற்கு முந்தைய வருடம்தான் பக்கத்து வீட்டு அமெரிக்கர் பழக்கமானார். ஓய்வு பெற்ற பிளம்பர். அவரும் தனிக்கட்டை. கல்லூரி நாட்களில் என்.சி.சி.யில் நன்றாகச் சுடுவேன் என்று ஒருநாள் பெருமைக்காகச் சொல்லிவைத்தேன். மனிதர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். லைசன்ஸ் வாங்க வைத்து, தன் பழைய ரைஃபிள் ஒன்றைக் கொடுத்து, அந்தக் காட்டுக்கு அழைத்துப் போனார். முதல் வருடம் ஒரு மான்கூடக் கண்ணில் படவில்லை. ஆனால் போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அதுவே போதும்.

இரண்டாம் வருடம், அதாவது அந்த 1996 நவம்பரில், கண் காலை வாரிவிட்டது. அந்த ரைஃபிளில் டெலஸ்கோப் கிடையாது. கண் பக்கம் ஒரு பிளவு, குழல் நுனியில் ஒரு சின்ன மணி. இரண்டையும் மானோடு ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். வெள்ளெழுத்து வந்தவனுக்கு மான் தெரியும், பிளவும் மணியும் பஞ்சாகிவிடும். படிக்கிற கண்ணாடியைப் போட்டால் மணி தெரியும், மான் கரைந்துவிடும். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை கூப்பிட மாட்டாரே என்ற பயம்.

அன்று காலை மரத்தில் கட்டிய பரண்களில் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருந்தோம். பத்து மணி வரை இருவரும் இறங்கக்கூடாது என்று பேச்சு. ஒன்பது மணி வாக்கில் புதர் ஓரம் பழுப்பாக ஏதோ அசைந்தது. சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்த படிக்கிற கண்ணாடியை மாட்டினேன். மணி பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு பழுப்புக் கறை. மான்தான் என்று நானே முடிவு கட்டினேன். துப்பாக்கியின் சேஃப்டி பூட்டைத் தள்ளிவிட்டு விசையில் விரலை வைத்தேன்.

கறை இருமியது.

தினமும் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற அதே சிகரெட் இருமல். பழுப்புக் கோட்டில் அவர்தான். குளிரில் உட்கார்ந்திருக்கிறேனே என்று, பேச்சை மீறி, எனக்கு பிளாஸ்கில் காபி கொண்டு வந்திருக்கிறார். அதை வாங்கிக் குடித்தேன். எனக்குக் குளிரும் என்று தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்தார்.

யாரும் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த வருடமும் கூப்பிடுவார். திரும்பும்போது இரண்டு மணி நேரம் இதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டு வந்தேன். பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் சொல்லிவிட்டேன். "இன்னிக்குக் காலையில உங்களைச் சுட இருந்தேன்." இங்கிலீஷில்தான் சொன்னேன், எந்த மொழியில் சொன்னாலும் அசிங்கமான வாக்கியம் அது.

அவர் பெட்ரோல் போட்டு முடித்து வண்டியில் ஏறினார். பிறகு, கண் தனக்கும்தான் மங்கிவிட்டது, அது தப்பில்லை, அதை மறைத்துக்கொண்டு துப்பாக்கி தூக்கியதுதான் தப்பு என்றார். இனி என்னை மான் வேட்டைக்கு அழைத்துப் போகப் போவதில்லை என்றும் சொன்னார். போச்சு, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வீடு நெருங்கும்போது வேறு ஏதோ பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார். சனிக்கிழமை துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குப் போய்க் காகிதத்தைச் சுடலாமாம். மூக்குக்கண்ணாடியில் கருப்பு டேப் ஒட்டி ஊசித் துளை போட்டுப் பார்த்தால் கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்து தெரியுமாம்.

வீட்டில் டேப் இல்லை. பாத்ரூம் கண்ணாடியின் ஓரத்தில் ஐந்து ஸ்டிக்கர் பொட்டுகள் இருந்தன. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்து அங்கே ஒட்டிவிட்டு மறந்துபோவது என் மனைவியின் வழக்கம். கண்ணாடிக்கு எதற்கு இத்தனை பொட்டு என்று கிண்டல் பண்ணுவேன். "நான் ஊருக்குப் போனா இதைப் பாத்துக்கிட்டு இருங்க" என்பாள். அந்த மூலையை மட்டும் இரண்டு வருடமாக நான் துடைத்ததே இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு, ஒரு மெரூன் பொட்டை நகத்தால் பெயர்த்தேன். சூடு காட்டிய ஊசியால் நடுவில் துளை போட்டு, துளி கோந்து வைத்து மூக்குக்கண்ணாடியில் ஒட்டினேன்.

சனிக்கிழமை பிளவு, மணி, காகிதம் மூன்றும் வரிசையாக வந்து நின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். இன்னும் எத்தனை இருக்கிறது என்றார். நாலு என்றேன். அதைத் தொடாதே என்றவர், மறுநாள் ஒரு சுருள் கருப்பு டேப்பை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

தனியாக இருப்பவனுக்கு, இருக்கிற ஒரு துணையும் போய்விடுமோ என்று எல்லாம் தெரிகிற மாதிரியே தலையாட்டத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றும்போதெல்லாம் அந்த இருமல் காதில் கேட்கிறது. உடனே, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.