முப்பது திராட்சை

மல்சூனுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் அப்பா. நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததில், இதோடு போதும் என்று பொருள்படுகிற எழுத்தைப் பார்த்து வைத்தார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. இக்ஸான் ஊரில் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை, பிறகு கல்யாணம், பிறகு ஒரு மகன். மகனை மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் கொண்டுபோனது. அடக்கத்தன்று அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. "எப்பேர்ப்பட்ட விசுவாசம் பாருங்க" என்று சபையார் மெச்சினார்கள். மறு வருஷமே சபையில் உதவிக்காரிப் பொறுப்பும் கொடுத்தார்கள். அழாமல் இருப்பது கர்த்தர் தருகிற பலம் என்று அன்றிலிருந்து அவள் நம்பினாள். தான் நம்பியதைத்தான் பிற்பாடு தன் கைக்கு வந்த ஊரார் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள்.

ஐம்பத்தாறாவது வயதில் ஜொன்ஜு நகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் துணையாளாக வேலை பார்த்தாள். ரத்தப் புற்று வந்த பிள்ளைகள் இருக்கும் வார்டு அது. பெற்றவர்கள் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளை பக்கத்தில் உட்கார்வது, ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொள்வது, கதை சொல்வது, வாந்திக்குக் கிண்ணம் பிடிப்பது எல்லாம் அவள்தான். பிள்ளைகள் சித்தி என்று கூப்பிட்டார்கள்.

திராட்சைக் காகிதத்தை வார்டுக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். அங்கே பள்ளிக்கூடங்களில் நல்ல பிள்ளைக்குக் கொடுப்பார்களே, திராட்சைக் கொத்து வரைந்த அதே காகிதம். ஒரு கொத்தில் முப்பது வெறும் வட்டம். அழாமல் ஊசி போட்டுக்கொண்டால் ஒரு ஊதா ஒட்டுப்படம். முப்பதும் நிறைந்தால் கேட்டது கிடைக்கும். ஒரு மாதத்தில் வார்டில் அழுகைச் சத்தம் ஓய்ந்துவிட்டது. தலைமை நர்ஸ் மிஹியாங், "அக்கா, இது வார்டா உங்க சர்ச்சா? இருமக்கூட பயமா இருக்கு" என்று சிரித்தாள். மல்சூனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

பிள்ளைகள் மட்டும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஊசியைக் கண்டாலே அலறும் ஒன்பது வயது ஓன்யுவுக்குக் 'காஞ்ச திராட்சை' என்று பெயர் வைத்தார்கள். "டேய் காஞ்ச திராட்சை, உன் கொத்துல ஈகூட உக்காராதுடா!" அவன் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வான். மல்சூன் அதட்டினாள். ஆனால் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.

நாரேவுக்கு ஏழு வயது. அவள் அம்மா கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அப்பா இல்லை. அம்மா ஞாயிறு மதியம் பஸ்ஸில் வந்து சாயங்காலம் திரும்பிவிடுவாள். "நீ அழாம இருந்தாத்தான்டி அம்மா அங்க நிம்மதியா வேலை செய்ய முடியும்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிட்டுப் போவாள். மற்றப் பிள்ளைகள் பொம்மையும் கிரேயானும் கேட்டார்கள். நாரே கேட்டது வேறு.

"சித்தி, முப்பதும் ஒட்டினா எங்க அம்மா ஒரு நாள் முழுக்க இங்க இருக்கணும். ராத்திரியும்."

மல்சூன் போன் போட்டாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரொப்பட்டும். லீவு கேட்டுப் பாக்கறேன்."

இருபத்தொன்பது ஆயிற்று. கடைசி வட்டத்துக்கான நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சிவப்பு மருந்து. நரம்புக்குள் போனால் வியாதியைக் கொல்லும். நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையை வேகவைத்துவிடும். வலிக்கிறது என்று பிள்ளை சொன்ன உடனே நிறுத்திவிட வேண்டும். வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சின்ன நர்ஸ் சூபின் வலது கையில் ஊசி ஏற்றினாள். நாரே மூச்சுக்கூட விடவில்லை. "எரியுதா கண்ணு?" "இல்லக்கா." பக்கத்து அறையில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஏற, சூபின் ஓடினாள். குளிர்கிறது என்று நாரே கையைப் போர்வைக்குள் விட்டுக்கொண்டாள்.

மல்சூன் பக்கத்தில்தான் இருந்தாள். பிள்ளையின் உதடு வெளுத்ததைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அவள் மனசுக்குப் பட்டது. ஆனாலும் ஊதா ஒட்டுப்படத்தை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு பிள்ளையின் கண்ணுக்கு நேரே ஆட்டிக் காட்டினாள்.

"இன்னும் கொஞ்சந்தான்டி ராஜாத்தி. அம்மாவை நினைச்சுக்கோ."

நாரே அம்மாவை நினைத்துக்கொண்டாள்.

சூபின் திரும்பி வந்து போர்வையை விலக்கியபோது புறங்கை உப்பி, செக்கச்செவேலென்று மினுமினுத்தது. அவள் போட்ட சத்தத்தில் மிஹியாங் ஓடிவந்தாள். நாரேதான் நிதானமாக இருந்தாள். "அழலையே சித்தி. ஒட்டுங்க."

மல்சூன் ஒட்டினாள்.

வியாழக்கிழமை அம்மா லீவு வாங்கிக்கொண்டு வந்தாள். மகள் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "முப்பதும் ஆச்சும்மா!" என்று சிரித்தாள். அம்மா கடற்பாசி சூப்பும் சோறும் கொண்டுவந்திருந்தாள். இடது கையால் சிந்திச் சிந்தி, கடைசிப் பருக்கை வரை நாரே சாப்பிட்டாள்.

பத்து நாளில் தோல் கறுத்தது. கறுத்ததை வெட்டினார்கள். தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். மூன்று விரல்கள் மடங்கியது மடங்கியபடி நின்றுவிட்டன. விசாரணை என்று கூப்பிட்டு, "பிள்ளை வலிக்குதுன்னு சொல்லுச்சா?" என்று மல்சூனைக் கேட்டார்கள். "சொல்லலைங்க" என்றாள். கேட்டதற்குப் பதில் உண்மைதான். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டதாகச் சூபினை வேலையை விட்டு அனுப்பினார்கள். பை எடுத்துக்கொண்டு போகும்போதும் அந்தப் பெண் மல்சூனுக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருந்தாலும் மல்சூன் ஜெபம் பண்ணித் தேற்றிக்கொண்டிருப்பாள். புண்ணுக்கு மருந்து வைக்கும் நாட்களில்தான் விஷயம் தெரிந்தது. பெரியவர்களே கத்தும் இடத்தில் நாரே கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். துணியை உரித்து எடுக்கும்போதும் அப்படியே. டாக்டர் சோக் மல்சூனைத் தனியே கூப்பிட்டார். அவருக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

"இன்னும் ஒன்றரை வருஷம் மருந்து ஏத்தணும். அடுத்து வயித்துல சீழ் வைக்கலாம். இந்தப் பிள்ளைக்கு எங்க வலிக்குதுன்னு இது வாயால சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இப்படியே வாயை மூடிட்டிருந்தா பொணமாத்தான் குடுப்பேன். பூட்டினது நீங்கதானே? நீங்களே தொறங்க."

அன்றே மல்சூன் நாரேவின் காலடியில் மண்டியிட்டாள். "அழுடி கண்ணு. வலிச்சா கத்து. சித்தி சொல்றேன்."

நாரே சந்தேகமாகப் பார்த்தாள். "இதுக்கு எத்தனை திராட்சை?"

"திராட்சையே கிடையாது. சும்மா அழலாம்."

"அழுதா அம்மா வரமாட்டாங்க" என்று பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சித்தி தன்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்து அன்றிலிருந்து இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டது.

நான்கு நாள் மல்சூன் உபவாசமிருந்து கேட்டாள். கர்த்தர் என்ன சொன்னாரோ தெரியாது. ஞாயிறு மதியம், அம்மா கட்டிலில் இருக்கும்போது, நேரே போய்ச் சுவரிலிருந்த நாரேவின் கொத்தை உரித்தாள். அம்மா முன்னால் நின்று சொன்னாள்.

"உங்க பொண்ணு வலியில துடிச்சதை நான் பாத்தேன். பாத்துக்கிட்டே இந்த ஒட்டுப்படத்தைக் காட்டி அடக்கி வெச்சேன். சூபின் மேல தப்பில்ல. உங்க பொண்ணு கையைக் கெடுத்தது நான்."

சொல்லிவிட்டு, நாரே பார்க்கப் பார்க்கக் கொத்தை இரண்டாகக் கிழித்தாள். பிறகு நான்காக.

நாரேவிடமிருந்து வந்த சத்தம் அழுகை மாதிரியே இல்லை. ஆட்டுக்குட்டியின் கழுத்தைப் பிடித்தால் கத்துமே, அப்படி. கட்டிலிலிருந்து குதித்து, மடங்கிய விரல்களாலேயே மல்சூனின் முகத்தைப் பிறாண்டினாள். முழங்கையைக் கடித்தாள். "என்னோடது! என்னோடது! அம்மாவை அனுப்பிடுவாங்க!" என்று அலறினாள். தையல் விட்டு ரத்தம் வந்தது. "கை வலிக்குது! கை வலிக்குது!" என்று அப்போதுதான், அத்தனை நாள் கழித்து, சொன்னாள்.

அம்மா மகளை வாரி எடுத்துக்கொண்டாள். மல்சூனைப் பார்த்துக் கத்தவில்லை. கோழித் தொழிற்சாலையில் தினம் கத்தி பிடிக்கிற கை, ஒரே அறைதான். மல்சூன் சுவரில் போய் மோதினாள்.

"இனிமே என் பிள்ளை கண்ணுல படாதீங்க."

மல்சூன் மிஹியாங்கிடம் போய் அதே வார்த்தைகளைத் திரும்பச் சொன்னாள், விசாரணைக்காரர்களிடமும் சொன்னாள். சூபினை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. ஆள் போட்டாயிற்றாம். மல்சூனை வார்டிலிருந்து எடுத்துக் கீழே துணி மடிக்கும் இடத்தில் போட்டார்கள். போகுமுன் வார்டுச் சுவரிலிருந்த திராட்சைக் காகிதங்கள் எல்லாவற்றையும் அவள் கழற்றியதற்கு மற்றப் பிள்ளைகள் அவளைத் திட்டினார்கள். ஓன்யுகூட, "எனக்கு ரெண்டு இருந்துச்சே!" என்று விம்மினான்.

மார்ச் மாதம் ஒரு மதியம், துணி வண்டியோடு மல்சூன் மேலே வந்தாள். நாரேவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே, "வயிறு! வயிறு வலிக்குது! அடிப்பக்கம்!" என்று வார்டே அதிரும்படி கத்தல். புது நர்ஸ் சலித்துக்கொண்டே போனவள், போன வேகத்தில் டாக்டரைத் தேடி ஓடிவந்தாள். ஐந்தே நிமிஷத்தில் கட்டிலை உருட்டிக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனார்கள்.

லிப்ட் வாசலில் கட்டில் நின்றது. நாரே தலையைத் திருப்பினாள். மல்சூனைக் கண்டுகொண்டாள். "அவளைப் போகச் சொல்லு! அவளைப் போகச் சொல்லு!" என்று இன்னும் பலமாக அலறினாள்.

"போறேன்டி" என்று சொல்லி மல்சூன் வண்டியைத் திருப்பினாள். லிப்ட் மூடி, கீழே இறங்கி, சத்தம் தேயும் வரைக்கும் கேட்டுக்கொண்டே நடந்தாள்.