தப்பாக எழுதிக் கொடுத்த சொல்

மைசூரில் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் அப்போது வேலை பார்த்தேன். உடைந்து திரும்பி வரும் ஸ்பிரிங்குகளை லென்ஸில் வைத்துப் பார்த்து, எதனால் உடைந்தது என்று பிரித்துப் போடுவது எங்கள் வேலை. அந்த மேசையில் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கன்னடம் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்.

வெளியூரிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவர்கள் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். "நாலு வார்த்த எழுதிக் குடுங்க சார், மனப்பாடம் பண்ணிக்கறோம்" என்று அக்காவும் அவருடன் இருந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். ஆங்கிலச் சொல், தமிழில் அதன் உச்சரிப்பு, அர்த்தம்.

உலோகம் திரும்பத் திரும்ப வளைந்து, சோர்ந்து, விரிசல் விடுவதை ஆங்கிலத்தில் ஃபெடீக் என்பார்கள். நான் அதை 'ஃபட்டிகூ' என்று எழுதினேன். புத்தகத்தில் படித்த சொல்தான், காதால் கேட்டதில்லை. சரியா என்று சந்தேகமும் இருந்தது. அதனாலேயே மீட்டிங்கில் நான் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டிய இடத்தில் 'கிராக்' என்று மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். ஆனால் அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கையில் இருந்த போனில் தட்டியிருந்தால் அதுவே சொல்லிக் காட்டியிருக்கும். செய்யவில்லை.

ஆடிட் அன்று நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் அக்காவின் கையிலிருந்த உடைந்த துண்டைக் காட்டி என்ன கோளாறு என்று கேட்டார். அக்கா எழுந்து நின்று, "ஃபட்டிகூ கிராக், சார்" என்றார். குரலில் தயக்கமே இல்லை. அவர் பதில் சரி. கோளாறு அதேதான். கேட்டவர் பக்கத்திலிருந்தவரிடம் அந்தச் சொல்லை இழுத்துச் சொல்லிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மேனேஜர் கன்னடத்தில், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நானே ஓதிகொண்டே சார்" என்றார். தானே படித்துக்கொண்டதாக.

நான் குனிந்து லென்ஸைத் துடைக்கத் தொடங்கினேன். அதன்பின் ஒரு வாரம் டீக்குக்கூட வேறு பிளாக்குக்குப் போனேன். விஜயநகர்ப் பகுதியில் இருந்த என் வாடகை வீட்டுக்குப் போனாலும் அந்தச் சிரிப்பில் என் குரல் தனியாகக் கேட்டது. ஒருநாள் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று போனில் அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டேன். அதன்பிறகுதான் அக்காவிடம் போனேன். சாப்பாட்டு நேரம், டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அன்னிக்கு அந்த வார்த்தைய நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"தெரியுமுங்க சார்."

"அப்ப என் பேரச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்களையும் சேத்துச் சிரிப்பாங்க. எதுக்கு?" என்றார். சோற்றைப் பிசைந்தபடி, "நீங்களுந்தான் சிரிச்சீங்க. பாத்தேன்" என்றார். கோபம் இல்லாமல் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு கேட்டார்: "மத்த வார்த்தையாச்சும் செரிதானுங்களா?"

எனக்குத் தெரியவில்லை. அவரே கைப்பையிலிருந்து தாளை எடுத்தார். நான்காக மடித்து, மடிப்பில் செல்லோடேப் ஒட்டியிருந்தார். ஒவ்வொரு சொல்லாகப் போனில் போட்டுக் கேட்டோம். துகள்களுக்கான 'டெப்ரீ'யை 'டெப்ரிஸ்' என்று எழுதியிருந்தேன். இன்னும் சில தப்புகள் இருந்தன. தப்பு வரும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்தார்.

திருத்திப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அடுத்த ஆடிட்டில் அதே கேள்வி வந்தபோது கன்னடத்தில் பதில் சொன்னார். மேனேஜர் அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னார். அந்தச் சொல்லை அக்கா மறுபடி சொல்லி நான் கேட்டதே இல்லை. எழுதிக் கொடுத்தது நான்தான் என்று மேனேஜரிடமும் நான் சொல்லவே இல்லை.