அப்பிள் புகாத பிரிட்ஜ்

சனிக்கிழமை காலையில் பிரிட்ஜின் மரக்கறி லாச்சியைத் துடைக்கும் வேலையை ஜோசப்பின் வேறு யாருக்கும் விடுவதில்லை. முருங்கைக்காயும் லீக்ஸும் மேசைக்கு வந்துவிடும். ஈரக் கடதாசியில் சுற்றிய குச்சிக்கட்டு மட்டும் கைக்குழந்தை மாதிரி அவர் இடுப்பில் இருக்கும். மற்றக் கை துடைக்கும்.

பென்சில் பருமனான அந்தக் குச்சிகள்தாம் இப்போது மரம். ரூஜ் என்ற புறநகரில் இவரும் கணவரும் வீடு வாங்கியபோது பின்வளவில் பண்ணைக்காலத்து அப்பிள் மரமொன்று நின்றது. "காட்டு அப்பிள், வெட்டிப்போடுங்கோ" என்றார் வீடு விற்றுக்கொடுத்தவர். பழம் பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. ஊறுகாய் போடலாமென்று ஜோசப்பின் ஒரு வாளி பொறுக்கிக் கராஜில் வைத்தார்; மறந்தும் போனார். நத்தாருக்கு மடக்குக் கதிரை எடுக்கப் போனவரை வாசம் மறித்தது. தோல் சுருங்கியிருந்தது. கடித்தால் தேன்.

பழைய அப்பிள் இனங்களைத் தேடும் சங்கத்தார் வந்து தின்று பார்த்தார்கள். தாங்கள் அறிந்த எந்த இனமும் இல்லை, நீங்களே பெயர் வையுங்கள் என்றார்கள்.

"என்ர பேரை வையுமன்" என்றார் கணவர் ஜூலியன்.

"முதல்ல பிள்ளை மூச்சு விடட்டும். ஞானஸ்நானம் பிறகு."

விதை போட்டால் வேறு மரம்தான் வரும். குச்சியை வேறு கன்றில் ஒட்டினால்தான் அதே மரம். மாசியில் குச்சி வெட்டி பிரிட்ஜில் வைத்தார். பங்குனியில் உறைமழை மரத்தை அடியோடு சாய்த்தது. ஜோசப்பின் அழவில்லை. லாச்சியைத் திறந்து பார்த்தார், மூடினார், பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த பிரிட்ஜுக்குள் அப்பிள் புகுவதில்லை. பழம் விடும் மூச்சில் குச்சியின் மொட்டுச் செத்துவிடுமாம்.

இன்று பக்கத்து வீட்டிலிருந்து வந்த நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, அவர் பிரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டு முழுக்க மாம்பழம்.

"இஞ்சருங்கோ! இது ஆற்ற வேலை?"

"நேற்றுப் பின்னேரம் வாங்கினனான். அப்பிள்தானே கூடாதெண்டனீர்?" ஜூலியனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"உதுவும் மூச்சு விடும்."

ஒரு குச்சியை உருவி நகத்தால் தோலைச் சுரண்டினார். மண்ணிறம், செத்துப்போனது. அடுத்ததைச் சுரண்டினார். பச்சை. அதற்கடுத்ததும் பச்சை.

பின்வளவுச் சட்டிகளில் ஒட்டுவதற்கான அடிக்கன்றுகள் நிற்கின்றன. குளிர் விடட்டும், அடுத்த கிழமை ஒட்டலாமென்று சற்றுமுன்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

"இப்ப உந்த மாம்பழத்தை நான் எங்கை வைக்கிறது?" என்று கேட்டார் ஜூலியன், கைநிறையப் பழத்தோடு. "கேக்கிறனெல்லோ?"

ஜோசப்பின் கத்தியையும் ஒட்டுநாடாவையும் எடுத்தார். குச்சிக்கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பின்கதவால் இறங்கிப் போனார்.