நூற்றைம்பது திரைகளில் ஒரு கை

மாரி மழை பிடித்த மூன்றாம் நாள், எங்கள் கெம்பஸின் பெரிய விரிவுரை மண்டபத்தின் உட்கூரை உடைந்து முன்வரிசை மேசைகள் மேல் விழுந்தது. நல்ல வேளை, உள்ளே ஒருவரும் இல்லை. அன்றே மண்டபத்தைப் பூட்டினார்கள். முதலாம் வருடத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர்கள் நானூறு பேர். மிச்சமிருந்த மண்டபங்களில் எதுவும் நூறு பேருக்கு மேல் கொள்ளாது.

நான் அங்கே நெட்வேர்க் பிரிவில் தொழில்நுட்ப உதவியாளர். மருதமுனையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அந்தப் பிரிவில் பெண் நான் ஒருத்திதான். மண்டபம் பற்றிப் பேசுவதற்காகக் கூடிய கூட்டத்தில் என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

"நூறு பேர் மண்டபத்துல இரிக்கட்டும் சேர். மத்தவங்க கொம்பியூட்டர் கூடங்கள்ல ஒரு திரைக்கு ரெண்டு பேரா இருந்து பாக்கட்டும். பாடத்த நம்மட கேபிளால நேரடியா அனுப்ப ஏலும்."

எங்கள் பிரிவின் பொறுப்பாளர் சிரித்தார். "ஒரு வட்ஸ்அப் வீடியோ தொறக்கவே அரை மணித்தியாலம் சுத்துது. நீங்க டீவி ஸ்டேஷன் நடத்தப் போறீங்களா?"

"சுத்துறது வெளிய இருந்து வாற இன்டர்நெட் சேர். இது கெம்பஸுக்குள்ள மட்டும் ஓடுறது. அதுல இடம் இரிக்கி."

ஏழு நாள், ஒரு கிழமை தந்தார்.

ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிப் பிரதியாக அனுப்பினால் நூற்றைம்பது பிரதிகள் ஒரே கேபிளில் நெருக்கியடிக்கும். அதற்குப் பதில் ஒரே பிரதியை அனுப்பி, கேட்கிற கணினிகளுக்கு மட்டும் வழியிலிருக்கும் சுவிட்ச் பெட்டிகளே பிரித்துக் கொடுக்கும்படி செய்யலாம். புதிய பெட்டிகளுக்கு அது தெரியும். பழைய பெட்டிகள் கேட்டவர் யார் என்று பார்க்காமல் எல்லோர் தலையிலும் கொட்டிவிடும். எந்தக் கட்டிடத்தில் எந்தப் பெட்டி இருக்கிறது என்று நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. அலுவலகக் கோப்பிலிருந்த பட்டியலை நம்பினேன்.

பரீட்சார்த்தமாக வீடியோவை ஓடவிட்ட சில நிமிடங்களில் கெம்பஸ் முழுவதும் நெட்வேர்க் நின்றுவிட்டது. அன்றுதான் பரீட்சைக்குப் பதியும் கடைசி நாள். நான் வீடியோவை நிறுத்திய பிறகும் எல்லாம் பழையபடி வர மத்தியானமாகிவிட்டது. பதிவு அலுவலகத்துக்கு வெளியே வரிசை, மழை விட்டு அடித்த வெயிலில் நீண்டு கிடந்தது. அந்தப் பக்கமாக நான் போனபோது, வரிசையில் நின்ற ஒரு மாணவி என்னைப் பார்த்து, "ஆரோ விசர் வேல பாத்திரிக்காங்க மிஸ்" என்றாள்.

"நான்தான்" என்றேன். அவள் குனிந்துகொண்டாள்.

பொறுப்பாளர் கத்தவில்லை. "இதோட விடுங்க" என்றார். அது கத்தலை விட மோசமாக இருந்தது.

"கிழமையில இன்னும் மூணு நாள் இரிக்கி சேர். பெட்டி எல்லாத்தையும் நானே போய்ப் பாக்கன். பாக்காம இனி ஒண்டையும் ஓட விட மாட்டன்."

அவர் வேறு கோப்பைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

காரைதீவிலிருந்து வரும் எங்கள் மின்னியலாளர் ஏணியை எடுத்துக்கொண்டு கூட வந்தார். "தங்கச்சி, எனக்கு முழங்கால் ஏலா. நான் ஏணியப் பிடிக்கன், நீங்க ஏறுங்க." அபாயாவை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிடம் கட்டிடமாக ஏறினேன். கடற்காற்றின் உப்பில் சில பெட்டிகளில் கேபிள் மாட்டும் வாய் பச்சை பிடித்திருந்தது. ஒன்றுக்குள் பல்லி முட்டை. பட்டியலில் புதியவை என்று எழுதியிருந்த நான்கு பெட்டிகள் பழையவை. புதிது வாங்க அந்த வருடம் வழியில்லை. அந்த நான்கையும் வீடியோ போகாத தனிப் பாதையில் ஒதுக்கினேன். இரண்டாம் முறை ஓடவிட்டபோது மின்னியலாளர் அலுவலகம் அலுவலகமாக நடந்து, "வேல செய்யுதா? வேல செய்யுதா?" என்று கேட்டு எனக்கு அழைத்துச் சொன்னார். எங்கும் ஒன்றும் நிற்கவில்லை.

இனித் தடையில்லை என்று நினைத்தபோது, பாடம் எடுக்கும் பெண் விரிவுரையாளர் மறுத்துவிட்டார்.

"என்ட முகம் ஸ்கிரீன்ல போகப்படாது. ஃபோனால எடுத்து எங்கயெல்லாம் போடுவாங்களோ தெரியா."

அவருடைய பயம் எனக்கு விளங்கியது. என் முகத்தையும் அப்படி அனுப்ப நான் சம்மதித்திருக்க மாட்டேன். கெமராவை முக்காலியிலிருந்து கழற்றி, அவருடைய மேசைக்கு மேலே கடதாசியைப் பார்த்தபடி கட்டினேன்.

"கை மட்டும் தெரிஞ்சா சரியா மிஸ்?"

தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "கை போனாப் பரவால்ல" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பாடம் தொடங்கியது. நூற்றைம்பது திரைகளிலும் மண்டபத்துப் புரொஜெக்டர் திரையிலும் ஒரு வெள்ளைக் கடதாசியும் நீல மைப் பேனா பிடித்த ஒரு கையும் தெரிந்தன. பத்து நிமிடத்தில் மூன்றாவது கூடத்தில் சத்தம் போய்விட்டது. ஓடினேன். ஒருவர் ஃபோனுக்குச் சார்ஜ் போட ஸ்பீக்கரின் பிளக்கைக் கழற்றியிருந்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளக்கை மாட்டிவிட்டுப் பாடம் முடியும்வரை அங்கேயே நின்றேன்.

அப்படி நின்றதால்தான் ஒன்றைக் கண்டேன். முன்னால் இருந்த ஒரு மாணவி கையை உயர்த்தினாள். திரையைப் பார்த்து உயர்த்திய கை. அவளே வெட்கப்பட்டு அதை இறக்கினாள். நான் கிட்டே போனேன்.

"என்ன வெளங்கல்ல?"

"மூணாவது வரி மிஸ். அந்த எண்ண ஏன் கழிச்சாங்க எண்டு."

விரிவுரையாளருக்கு என் ஃபோனிலிருந்து செய்தி அனுப்பினேன். திரையில் அந்தக் கை சற்று நின்றது. பேனா மூன்றாவது வரிக்குத் திரும்பிப் போய் அதன் கீழே கோடு போட்டது. "ஒரு கூடத்துல இருந்து நல்ல கேள்வி ஒண்டு வந்திரிக்கி" என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. மாணவி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரமே ஒவ்வொரு கூடத்திலும் கேள்வி அனுப்ப ஒருவரை ஏற்பாடு செய்தோம். அந்தப் படிப்புத் தவணை முழுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் எல்லாக் கூடங்களையும் சுற்றிப் பார்த்த பிறகே நான் என் மேசைக்கு வந்தேன். இரண்டு தடவை மின்சாரம் போனது, ஒரு தடவை கெமரா சூடேறி நின்றது. திருத்திக்கொண்டு தொடர்ந்தோம். ஒரு பாடமும் விடுபடவில்லை.