கைப்பிடி மட்டும் பாக்கி

எங்கள் செம்பனைத் தோட்டத்தில் யாராவது இறந்துவிட்டால், பிணம் எடுக்கும்வரை பெண்கள் ஊசி, கத்தரிக்கோல் தொடமாட்டோம். செய்தி காதில் விழுந்ததும் தையல் மெஷின்மேல் துணியைப் போட்டு மூடிவிடுவோம். அப்போதெல்லாம் மத்தியானத்துக்குள் எடுத்துவிடுவார்கள். சாயங்காலம் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவோம்.

இப்போது தோட்டத்தில் மிஞ்சியிருப்பது சில தமிழ்க் குடும்பங்கள்தான். மற்றவர்கள் பகாவ், நீலாய், சிரம்பான் என்று போய்விட்டார்கள். பழைய ஆட்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது என்று அதில் ஒருவரும் போடுவதில்லை. சாவு மட்டும் தவறாமல் வரும். சிங்கப்பூரிலிருந்து மகன் வரவேண்டும் என்று பிணத்தை இரண்டு நாள் வைத்திருப்பார்கள். அந்த இரண்டு நாளும் நான் இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். செத்தவரின் முகம்கூட எனக்கு நினைவிருக்காது. இருந்தாலும் வயரைத் தொட மனசு வராது.

வயர் என்றால் கூடை பின்னுகிற பிளாஸ்டிக் வயர். காலையில் நர்சரியில் பாமாயில் தருகிற செம்பனையின் கன்றுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தால், சாயங்காலம் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். முடிச்சை இழுத்து இறுக்கும்போது விரல் நுனியில் ஒரு சின்ன வலி வரும். அது எனக்குப் பிடிக்கும். ஒரு வரிசை நேராக வந்துவிட்டால் அன்றைக்கு யார் திட்டினாலும் உறைக்காது.

அண்ணனின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் டயலிசிஸ். பிளாஸ்க், போர்வை, மாற்றுத்துணி எல்லாவற்றையும் கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் சாமான் பையில் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் சென்டர் வாசலில் பை கிழிந்து எல்லாம் கொட்டிவிட்டது. பிளாஸ்க் உருண்டு பெஞ்சுக்கு அடியில் போனது. அவருடைய உள்பாவாடையை ஒரு பையன் பொறுக்கிக் கையில் கொடுத்திருக்கிறான்.

"மானமே போச்சு. ஒரு கூடை போட்டுக் குடும்மா," என்றார் அண்ணி. "பிளாஸ்க் படுக்காம நிக்கணும், அவ்வளவுதான். கிளிப்பச்சையில போடு."

மறுநாளே பகாவுக்குப் போய் வயர் வாங்கி, பிளாஸ்க்கை வைத்து அளவெடுத்து, கூடைக்கு அடி போட்டுவிட்டேன். ஒரு வாரத்து வேலை. அது ஒன்றரை மாதம் இழுத்தது. அடி முடிந்த அன்று, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய பழைய கிராணி இறந்துபோனார் என்று செய்தி. இரண்டு நாள் நிறுத்தினேன். நாலு வரிசை ஏறியதும் கிள்ளானில் யாரோ ஒரு கிழவி. பிறகு நீலாயில் மோட்டார் மோதி ஒரு சின்ன வயசுப் பிள்ளை. அந்தச் செய்திக்கு அழுதேன், ஒரு வாரம் கூடைப் பக்கமே போகவில்லை. துக்கம் கொண்டாடுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அண்ணி இன்னும் சாமான் பையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பையை ஒன்றுக்குள் ஒன்று போட்டு. "ஊருல உள்ள அத்தனை பேருக்கும் நீ துக்கம் காக்குற. என் கூடை எப்பலா வரும்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன அவசரம் அண்ணி? நீங்க என்ன நாளைக்கேவா போயிடப் போறீங்க?" என்றேன்.

அண்ணி காப்பிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இந்த வாயை என்ன செய்வது?

அதன்பிறகு ரோஷத்தில் விறுவிறுவென்று பின்னினேன். ஞாயிற்றுக்கிழமை விளிம்பு கட்டி முடித்தாயிற்று. கைப்பிடி மட்டும் பாக்கி, ஒரு மணி நேர வேலை. வயரை அளந்து கத்தரியை எடுக்கும்போது போன் கத்தியது. எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோரின் மனைவி தவறிவிட்டார், செவ்வாய்க்கிழமை எடுக்கிறார்கள். புதன்கிழமை முடித்துக்கொள்ளலாம் என்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

புதன்கிழமை விடியும்போது அண்ணன் கூப்பிட்டார். குளித்துவிட்டு டயலிசிஸுக்குப் புறப்பட்ட அண்ணி குளியலறை வாசலிலேயே விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், இரட்டைச் சாமான் பை நாற்காலியில் தயாராக இருக்கிறது.

ஜொகூரிலிருந்து மகள் வரும்வரை அண்ணியை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கூடையையும் கத்தரியையும் எடுத்து வந்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கைப்பிடி போட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டம்மா பதறிப்போனார்.

"சாவு வீட்டுல கத்தரிக்கோலா? உனக்கே இது அடுக்குமா?"

வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அடுத்த முடிச்சை இழுத்து இறுக்கினேன். அண்ணன்தான், "விடுங்க. முடிக்கட்டும்," என்றார். கண்ணீரில் முடிச்சு தெரியவில்லை. விரல் தானாகப் போட்டது.

பெட்டியில் கால்மாட்டில் கூடையை வைத்தேன். ஈமக் காரியக்காரர், எரிக்கும்போது பிளாஸ்டிக் உள்ளே போகக்கூடாது என்று எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டார். அண்ணன் காருக்குள் பின்னால் போட்டேன். அங்கேயே கிடந்தது.

எரித்த மறுநாள் அஸ்தியை மண்சட்டியில் போட்டு, துணியால் வாய் கட்டிக் கொடுத்தார்கள். போர்ட்டிக்சன் கடலில் கரைக்க வேண்டும். அவ்வளவு தூரம் உருளாமல் இருக்கட்டும் என்று உறவுக்காரர் ஒருவர் சட்டியை ஒரு சாமான் பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டார்.

"அதுல வேணாம்," என்று பையைப் பிடுங்கினேன். காரின் பின்னாலிருந்து கூடையை எடுத்துச் சட்டியை உள்ளே இறக்கினேன். பிளாஸ்க்குக்கு எடுத்த அளவு. சாயாமல் நின்றது.

கடல் வரும்வரை கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமையே முடித்திருந்தால், திங்கட்கிழமை ஒருநாளாவது அவர் இதைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்.