தை மாதத்துக்கு ஒரு சூரியன்

எங்கள் சங்கம் வருடாவருடம் ஒரு சுவர்க் கலண்டர் அடிக்கும். டென்மார்க்கின் யூலன்டில் இருக்கிற தமிழ் வீடுகளில் பெரும்பாலும் அது குசினிச் சுவரில்தான் தொங்கும். ராகுகாலம், விரதநாள், பிள்ளைகளின் பள்ளி விடுமுறை எல்லாம் அதில் இருக்கும். தை மாதம் வரும் முதல் பக்கத்துக்குப் படம் கொடுப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற பிறகு, குளிர்காலங்களில் சில்க்போர்க் ஏரிக்கரைகளில் கமராவோடு திரிகிறவன் என்பதால் அது என்னிடம் வந்து சேர்ந்தது.

இம்முறை நான் கொடுத்த படம் போன குளிர்காலத்தில் எடுத்தது. ஏரி உறைந்து, அதன்மேல் புதுப் பனி விழுந்திருந்தது. சூரியன் எனக்குப் பின்னால் தாழ்வாக நின்றது. படகுத்துறையில் ஊன்றிய மரக்கட்டைகள் ஒன்பது. ஒன்பதின் நிழல்களும் பனியின்மேல் நீலமாக, அக்கரைக் காட்டை நோக்கி நீண்டு கிடந்தன. வெள்ளையைக் கண்டால் கமரா மிரண்டு படத்தை இருட்டாக்கிவிடும். அதனால் வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி, பனி பனியாகவே தெரியும்வரை எடுத்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் சங்கச் செயலாளர் அந்தப் பக்கத்தை, அச்சுக்குக் கொடுக்குமுன் காட்டுவதற்காக, எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்தார். பிராண்டேயில் காற்றாலை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறவர், என்னைவிட இருபது வயது இளையவர். மேசையில் விரித்தார். அக்கரைக் காட்டுக்கு மேலே தோசைக்கல் அளவில் ஒரு செம்மஞ்சள் சூரியன் நின்றது.

"இதென்ன?"

"தைப்பொங்கல் வருதெல்லோ அண்ணை. சூரியன் இல்லாமல் அந்தப் பக்கத்தை விட்டால் சனம் என்னைத்தான் பேசும். இன்டர்நெட்டிலை எடுத்து ஒட்டினனான். வடிவாய்த்தானே இருக்கு?"

"நிழலைப் பாரும். சூரியன் நிக்கிற பக்கத்துக்கே நிழல் விழுமோ? அதோடை அது வடக்கு. குளிர்காலத்திலை அங்கை சூரியன் வராது."

"நிழலை ஆர் அண்ணை பாக்கப் போகினம்?"

"நான் பாப்பன். ஒன்பது நிழல். ஒன்பதும் பிழை."

தேநீர் கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "தம்பி, இவர் சாம்பாருக்குள்ளை பருப்பை எண்ணுற ஆள். நீர் போயும் போயும் இவரின்ரை நிழலிலை கை வைச்சிட்டீர்."

செயலாளர் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "திங்கள் அச்சகத்துக்குக் குடுக்கவேணும். அதுக்குள்ளை சூரியன் இருக்கிற படம் ஒண்டு தாங்கோ, மாத்துறன். இல்லாட்டி இதுதான் போகும்."

படத்தின் கீழே என் பெயர் இருக்கும். வேலை செய்த காலம் முழுவதும் தொழிற்சாலையில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்து அனுப்பியவன் நான். பிழை என்று தெரிந்த ஒன்றை வாசலுக்கு வெளியே விட்டுப் பழக்கமில்லை. இத்தனை குசினிகளில் ஒரு மாதம் முழுக்க அந்த ஒன்பது நிழல்களும் சூரியனை நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கவே பொறுக்கவில்லை.

வெள்ளியும் சனியும் வானம் திறக்கவில்லை. குளிர் மட்டும் இறுகியது. ஞாயிறு காலையில் மேகம் கொஞ்சம் மெலிந்ததைக் கண்டு செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். வழுக்கும் வீதியில் நான் இப்போது கார் ஓட்டுவதில்லை. முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஏரியின் வடகரைக்குப் போகச் சொன்னேன். அங்கே நின்றால் மத்தியானச் சூரியன் முகத்துக்கு நேரே இருக்கும்.

கரையோரம் உறைந்திருந்தது. மேலே மெல்லிய பனி. பனிக்கட்டியில் இறங்கக் கூடாது என்று நகரசபையான கொமூன வைத்த பலகைக்கு இந்தப் பக்கமே கமராவின் முக்காலியை ஊன்றினேன். பற்றறியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினேன், குளிரில் அது சீக்கிரம் செத்துப்போகும். முன்னால் ஒரு சின்னப் படகுத்துறை, ஆறு கட்டைகள். செயலாளர் வேலைக்குப் போடும் சப்பாத்தோடு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"வருமோ அண்ணை?"

"வரும். நீர் ஆடாமல் நில்லும்."

வந்தது. மேகத்துக்குப் பின்னால், கண் கூசாத ஒரு வெள்ளை வட்டம். காற்று பனியைக் கூட்டித் தள்ளிய இடங்களில் ஏரி கண்ணாடியாகி, அந்த வெளிச்சத்தை எங்கள் காலடிவரை கொண்டு வந்தது. ஆறு நிழல்களும் மங்கலாக எங்களை நோக்கி நீண்டன. விரல் மரத்துப்போகும்வரை எடுத்தேன்.

செயலாளர் கமராவில் பார்த்தார். "வெளிறிப்போய்க் கிடக்கே. கொஞ்சம் மஞ்சள் பூசுவமோ?"

"பூசினால் என்ரை பேரை நீர் எடுத்துவிடும்."

அவர் தலையை நிமிர்த்தி வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். "ஓம், இப்பிடித்தான் நிக்குது," என்றார். "வாங்கோ, எனக்குக் கால் விறைச்சுப் போச்சு."

அந்தப் படமே அச்சாகியது. கலண்டர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசிகள் வரத் தொடங்கின. ரண்டர்ஸ் நகரிலிருந்து வந்ததுதான் முதலாவது. "அண்ணை, நிலா நல்ல வடிவு." நான் விளக்கினேன். அடுத்தவருக்கும் விளக்கினேன். ஒருவர், தைப்பொங்கலுக்கு ஏன் நிலாவைப் போட்டீர்கள் என்று கோபித்தார்.

"எத்தினை பேர் இப்ப?" என்று மனைவி இரவுச் சாப்பாட்டில் கேட்டாள்.

"பதினொரு பேர்."

"அந்தத் தோசைக்கல்லையே விட்டிருக்கலாம்."

பொங்கலன்று செயலாளர் வீட்டுக்குப் போயிருந்தோம். கார்க் கொட்டகை வாசலில் காஸ் அடுப்பு, அதன்மேல் பானை. விடிந்து வெகுநேரமாகியும் வானம் சாம்பலாகவே இருந்தது. பால் விளிம்புக்கு ஏறிக்கொண்டிருந்தபோது செயலாளரின் மனைவி உள்ளே ஓடிப்போய்க் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தார். கொட்டகையின் கிழக்குப் பக்கச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். சந்தனத்தைக் குழைத்து, என் வெள்ளை வட்டத்தின்மேல் விரலால் அப்பினார்.

சூரியன் மஞ்சளாகிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். செயலாளர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், சிரிப்பை அடக்கியபடி.

பால் பொங்கியது. எல்லாரும் கலண்டரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் கும்பிட்டபடியே கட்டைகளைப் பார்த்தேன். ஆறு நிழல்களும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக, எங்களை நோக்கித்தான் விழுந்திருந்தன.