கரண்டு போன பிறகு வந்த கேட்டை

சீசன் மாதங்களில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் நாறும்பூநாதன் கடை போடுவார். மசூதின் டீக்கடைக்குப் பக்கத்தில், ‘கம்ப்யூட்டர் ஜாதகம்’ என்று போர்டு. தென்காசியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போனவர், எண்பத்தேழில் மதுரையிலிருந்து அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். ஜோதிடம் தெரியாது. விரல் ஓடும், அவ்வளவுதான்.

விற்றவர் காட்டிக்கொடுத்ததை அப்படியே செய்வார். காலையில் பிளாப்பியைச் செருகி, சூடம் காட்டி, பிறகு சில கீக்களை வரிசையாகத் தட்டுவார். அவை எதற்கென்று அவர் கேட்டதில்லை. விளக்கேற்றுவது மாதிரி, கடை திறந்ததற்கு ஒரு தடவை என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆடியில், தென்காசி தாணுமாலயன் ஈரத்துண்டோடு வந்து உட்கார்ந்தார். அவருடைய தம்பிக்கு ராயகிரி ஆவுடைநாயகத்தின் மகள் இராமலட்சுமியைப் பேசி முடித்தாயிற்று. “சும்மா இதுலயும் ஒரு தடவ பாத்துருவோம்” என்று பெண் பிறந்த நேரத்தைச் சொன்னார். காற்றில் கரண்டு போய் அப்போதுதான் வந்திருந்தது. நாறும்பூநாதன் மிஷினை மறுபடி போட்டு அடித்தார். கேட்டை நட்சத்திரம் என்று வந்தது.

கேட்டைப் பெண் வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். அந்த அண்ணன் தாணுமாலயன்தான். தாளை மடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த வாரமே கல்யாணப் பேச்சு நின்றது.

ஆவுடைநாயகம் மறுநாள் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

“எம்மவ அனுஷம்வே. பொறந்தப்பவே எழுதுன ஜாதகம் இருக்கு. ஒம்ம பெட்டி எப்படிவே கேட்டைங்கும்?”

நாறும்பூநாதன் அவர் எதிரிலேயே அடித்தார். அனுஷம் என்று வந்தது.

“அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணா?”

“சாரல் உள்ள போயிருக்கும் அண்ணாச்சி” என்றார் டீக்கடை மசூது. “எங்க வீட்டு ரேடியோ மழை பெஞ்சா மலையாளம்தான் பேசும்.”

யாரும் சிரிக்கவில்லை. நாறும்பூநாதன் பிளாப்பியைத் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காட்டி, திரும்பத் திரும்ப அடித்தும் அனுஷம்தான். அப்புறம் கரண்டு போயிற்று. வந்ததும் மிஷினைப் போட்டு அடித்தார். கேட்டை!

காலையில் தட்டுவதை இப்போது தட்டவில்லை என்பது உறைத்தது. அணைத்துவிட்டு, காலையில் தட்டும் கீக்களைத் தட்டிப் பார்த்தார்: அனுஷம். மறுபடி அணைத்து, தட்டாமல் பார்த்தார்: கேட்டை. திரையில் ஓடிய இங்கிலீஷை முதல்முறையாக நின்று படித்தார். பழைய கணக்கான வாக்கியப் பஞ்சாங்கமா, புதுக் கணக்கான திருக்கணிதமா என்று தேர்ந்தெடுக்கிற இடம் அது. காலையில் அவர் தட்டியது வாக்கியம். அணைந்து எரிந்தால் மிஷின் அதை மறந்து தானாகத் திருக்கணிதத்துக்குப் போய்விடும். பெண் இரண்டு நட்சத்திரமும் சேரும் விளிம்பில் பிறந்தவள்; ஒரு கணக்கில் அனுஷம், மற்றதில் கேட்டை.

கரண்டு போன பிறகு இதுவரை எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்போம் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டார்.

ஆவுடைநாயகத்தைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்குப் போனார். தாணுமாலயன் முழுவதையும் கேட்டார்.

“மிஷினுக்கு யாரும் கைக்கூலி குடுக்க முடியாது. ஒமக்குக் குடுக்கலாம்லா?”

“சத்தியமா தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. கரண்டு வந்ததும் அதை மறுபடி தட்டியிருக்கணும்.”

“சரி, நீரு சொல்லுதது நெசம்னே வையும். திருக்கணிதம் பொய்யா?”

“பொய்யின்னு சொல்ல முடியாது.”

“பொறவென்ன? நாளைக்கு நான் காய்ச்சல்னு படுத்தா, எம்பொண்டாட்டி பஞ்சாங்கத்தையா பாப்பா? அந்தப் பிள்ள மூஞ்சியத்தான் பாப்பா.”

“அவியளுக்குக் காப்பி குடுத்து அனுப்புங்க” என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

குடித்துவிட்டு வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஆவுடைநாயகம் நாறும்பூநாதன் கையைப் பிடித்தார்.

“எங்கிட்ட மட்டும் சொல்லும். எம்மவ அனுஷமா, கேட்டையா?”

ராயகிரி பஸ் வந்ததும் நாறும்பூநாதன் ஏறி, அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அதன்பிறகு வருகிறவர்களிடம் எந்தப் பஞ்சாங்கம் என்று முதலிலேயே கேட்டார். அதுகூடத் தெரியாத கம்ப்யூட்டரா என்று எழுந்து போனார்கள். மறு சீசனுக்கு அவர் கடை போடவில்லை.

இராமலட்சுமியைப் பெண் கேட்டு, சிவகிரியிலிருந்து ஒரு குடும்பம் வந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டார். ஜாதகமே பார்ப்பதில்லை, பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றார்களாம். ஆவுடைநாயகம்தான் கேட்டிருக்கிறார், மாப்பிள்ளைக்கு அண்ணன் உண்டுமா என்று. உண்டு என்றதும், வேண்டாம் என்று அவரே கும்பிட்டு அனுப்பிவிட்டார்.